அந்த அட்டையைக் கொஞ்சம் நகர்த்துங்கள்: பழைய இறப்புப் பதிவேடுகள் பற்றி ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பிறப்பு, இறப்பு தலைமைப் பதிவாளர் அவர்களுக்கும், தாலுகா அலுவலகங்களிலும் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் பழைய பதிவேடுகளைக் காத்துவரும் பணியாளர்களுக்கும்,

வணக்கம்.

போன கோடையில், தென்மாவட்டத்து ஆவண அறை ஒன்றில், 1945ஆம் வருஷத்து இறப்புப் பதிவேட்டை என் கண்ணால் பார்த்தேன். காடாத்துணியில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். முடிச்சை அவிழ்த்ததும் காகிதம் பொடிப்பொடியாக மேசையில் உதிர்ந்தது. அங்கிருந்த ஊழியர் அதை ஊதித் தள்ளவில்லை. உள்ளங்கையால் ஒதுக்கி ஒரு பழைய உறைக்குள் போட்டுக்கொண்டார். பக்கங்களை விரலால் புரட்டாமல், அடியில் ஒரு ஸ்கேலைக் கொடுத்துத் தூக்கிப் புரட்டினார். மை பழுப்பேறிக் கிடந்தது. அழுத்தி எழுதிய இடங்களில் அது காகிதத்தைத் தின்று, கம்பளிப்பூச்சி அரித்த இலை மாதிரி ஓட்டை விழுந்திருந்தது.

பிப்ரவரி மாதத்தில் மூன்றாவது வரி. தேதி 2. பெயர் எழுத வேண்டிய இடத்தில் என் தாத்தாவின் அம்மாவுடைய பெயர் இல்லை. என் பூட்டனின் பெயரை எழுதி, ஒட்டினாற்போல் ‘பெண்சாதி’ என்று போட்டிருந்தது. பெண். வயது 24. அதற்கு அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் ஊழியர் ஒரு கோப்பு அட்டையை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டார்.

“அது சாவுக்கான காரணம்மா. அதைக் காட்டக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பொறுமையாக எனக்காகத் தேடிக் கொடுத்தவர் அவர். சட்டம் சொன்னதைத்தான் செய்தார். ஆனால் அந்த அட்டைக்குக் கீழே இருந்த ஒன்றிரண்டு சொற்களுக்காக எங்கள் வீட்டில் எண்பது வருஷமாக ஒருவர் காத்திருக்கிறார். அதனால்தான் உங்களுக்கு இந்தக் கடிதம்.

எங்கள் ஊர் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் வானம் பார்த்த பூமி. என் தாத்தாவுக்கு நாலு வயதாக இருக்கும்போது அவருடைய அம்மா, அதாவது என் பூட்டி, இறந்துபோனார். அப்போது தாத்தாவின் தங்கைக்கு மூன்று மாதம். பூட்டி எதனால் இறந்தார் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் மூன்று கதைகள் உண்டு. வாந்திபேதி என்பார்கள் சிலர். பச்சை உடம்புக்காரிக்கு ஜன்னி கண்டது என்பார்கள் சிலர். மூன்றாவது கதையைச் சத்தமாக யாரும் சொல்வதில்லை. அதில் ஒரு கிணறு வரும்.

கதை எதுவானாலும் பழி அந்த மூன்று மாதக் குழந்தையின் மேல்தான் விழுந்தது. “ஆத்தாளை முழுங்கினவ” என்று சொல்லிச் சொல்லியே அவரை வளர்த்தார்கள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை அதனாலேயே தட்டிப்போனது. என் அத்தைப்பாட்டிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. நான் பழைய பதிவேடுகளைத் தேடுகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து, ஊருக்குப் போகும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்கிறார்: “காயிதத்துல என்னத்தா எழுதியிருக்கு?”

அவருக்கு என்னால் இன்னும் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தப் பக்கம் வரைக்கும் வந்து சேர்ந்த கதையையும் சொல்கிறேன். என்னைப் போல் தேடி வருகிறவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்களைப் போன்ற குடும்பங்களில் சாவுக்கு ஆங்கிலத் தேதி கிடையாது. தாத்தா சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: தாரண வருஷம், தை மாசம், தேய்பிறை பஞ்சமி. பூட்டியின் பெயர்கூட ராமேஸ்வரத்தில்தான் பிழைத்திருந்தது. வருஷம் ஒருமுறை அக்னி தீர்த்தக் கரையில் திதி கொடுக்கும்போது புரோகிதர் கேட்பார், தாத்தா சொல்வார். வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. சரி, தாரண வருஷம் 1944 ஏப்ரலில் தொடங்கி 1945 ஏப்ரலில் முடிகிறது. அந்தத் தையில் பௌர்ணமி ஜனவரி 28. அதிலிருந்து எண்ணினால் பஞ்சமி பிப்ரவரி 1, 2 தேதிகளில் வரும். ஒரு பழைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தேன். அதற்கே அவ்வளவு சந்தோஷம். இனி நேரே போய் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். “பழசெல்லாம் எங்ககிட்ட இருக்காதும்மா, தாலுகாவுல பாருங்க” என்றார். அவரிடம் எப்படி இருக்கும்? 1945ல் எழுதியவர்கள் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும். தலையாரி வந்து இன்னார் வீட்டில் சாவு என்று சொல்ல, அவர்கள் எழுதிக்கொள்வார்கள். பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளை 1980 நவம்பரில் அரசு ஒழித்தது. வீட்டுத் திண்ணையிலும் மரப்பெட்டியிலும் இருந்த ஊர்க் கணக்குகள் கைமாறின. எது ஒழுங்காக வந்து சேர்ந்தது, எது பரணிலேயே இராமபாணப் பூச்சிக்கு இரையானது என்பது ஊருக்கு ஊர் வேறு.

தாலுகா அலுவலகத்தில் வேறு சிக்கல். ராமநாதபுரம் ஜில்லா 1910ல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்து உண்டாக்கப்பட்டது. அதன் கலெக்டர் அலுவலகம் பல வருஷங்களுக்கு மதுரையிலேயே இருந்தது. 1985 மார்ச்சில் அந்த ஜில்லாவே மூன்றாக உடைந்தது. அப்புறம் தாலுகாக்களும் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. இன்று எங்கள் ஊர் இருக்கும் தாலுகா 1945ல் கிடையாது. பழைய தாலுகாவுக்குப் போனால் “உங்க ஊர் எங்க எல்லையில இல்லையே” என்கிறார்கள். புதிய தாலுகாவுக்குப் போனால் “நாங்க வந்ததுக்கு முந்தின ரிக்கார்டு எங்ககிட்ட எப்படி இருக்கும்?” என்கிறார்கள். இரண்டும் நியாயமான பதில்தான். ஆனால் இரண்டு நியாயத்துக்கும் நடுவில் நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் ஒரு வயதான எழுத்தர்தான் சார்பதிவாளர் அலுவலகங்களில் கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் இருக்கும் என்று வழிகாட்டினார். நாலு மாதத்தில் ஏழு தடவை அலைந்தேன். சென்னையிலிருந்து வருகிற எனக்கு அது முடிந்தது. எல்லோருக்கும் முடியுமா?

போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான். “எதுக்கு? சொத்து விஷயமா? கோர்ட் கேஸா?” குடும்ப வரலாற்றுக்காக என்று சொன்னால் நம்பவில்லை. எங்கள் தலைமுறைகளைத் தெரிந்துகொள்ள என்றாலும் நம்பவில்லை. ஓர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று கொண்டுவாருங்கள் என்றார்கள். இறப்புச் சான்று இருந்தால்தானே வாரிசுச் சான்றே தருவார்கள்!

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதை இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவு. உரிய கட்டணம் கட்டினால் எவர் வேண்டுமானாலும் பதிவேட்டில் எந்தப் பிறப்பையும் இறப்பையும் தேடச் சொல்லலாம், அதன் நகலைக் கேட்டு வாங்கலாம். வாரிசுகள் மட்டும் என்று அங்கே சொல்லவில்லை. காரணத்தை எழுதிக் கொடு என்றும் சொல்லவில்லை. தேடும் முதல் வருஷத்துக்கு ஒரு கட்டணம், கூடுதலாகத் தேடும் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு கட்டணம். தேடியும் கிடைக்கவில்லையென்றால், பதிவு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். ‘இல்லைங்க’ என்று வாயால் சொல்லி அனுப்பினால் போதாது. அந்தச் சான்று கையில் இருந்தால்தான் தேடுகிறவர் அடுத்த இடத்துக்குப் போக முடியும். இறப்புப் பதிவேடு நிரந்தர ஆவணம், அதை அழிக்கவே கூடாது என்று விதிகளும் சொல்கின்றன.

அதே 17ஆம் பிரிவில்தான் அந்த அட்டையும் இருக்கிறது. யாருக்குத் தரும் நகலிலும் இறப்புக்கான காரணத்தை வெளியிடக் கூடாது என்று ஒரு வரி. சட்டம் தடுப்பது நகலில் எழுதித் தருவதை. நடைமுறையில் கண்ணால் பார்ப்பதற்கும் அதே தடை என்று ஆகிவிட்டது.

அந்த வரி ஏன் வந்தது என்று எனக்குப் புரிகிறது. போன வருஷம் இறந்த ஒருவர் என்ன நோயில் இறந்தார், தானாகவே உயிரை விட்டாரா என்பதெல்லாம் தெருவில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயமில்லை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அந்தத் தெருவில்தான் நாளைக்கும் நடக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும், அதில் ஓர் எழுத்தைக்கூட எடுக்க நான் கேட்கவில்லை. ஆனால் 1945ல் இறந்தவருக்கும் நேற்று இறந்தவருக்கும் ஒரே திரையா? அந்த ரகசியம் இப்போது யாரைக் காக்கிறது? எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது ஒரு பழியைத்தான் காத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. அந்தக் காலத்தில் ஊர் ஊராக எழுதிய இந்தக் காரணங்களைக் கூட்டித்தான் சென்னை மாகாணத்தின் சுகாதார அறிக்கைகள் வருஷாவருஷம் அச்சாயின. காலரா இத்தனை, அம்மை இத்தனை, பிளேக் இத்தனை, காய்ச்சல் இத்தனை, சீதபேதி இத்தனை என்று ஜில்லாவாரியாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பழைய அறிக்கைகளை ஆராய்ச்சிக்காரர்கள் இன்று எடுத்துப் படிக்கிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள். அந்தக் கூட்டுத்தொகையில் என் பூட்டியும் ஓர் எண்ணாக இருக்கிறார். எண்ணாக அவரை யாரும் பார்க்கலாம். பேத்தியின் மகனோ பேரனின் மகளோ வந்து ஒருத்தியாகப் பார்க்கக் கேட்டால் அட்டை வைத்து மறைக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் 1837 ஜூலையில் இறப்புப் பதிவு தொடங்கியது. அன்றிலிருந்து பதிவான எந்த இறப்பின் சான்றையும் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி வாங்கலாம், காரணத்தோடு. நம் மணியக்காரர்களுக்குக் கட்டம் போட்ட பதிவேட்டைக் கொடுத்து எழுதச் சொன்னதும் அதே ஆட்சிதான். கடல் கடந்து போன நம் ஜனங்களின் கதையையும் பாருங்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் கப்பல் பட்டியலில் எழுதியிருக்கிறது. அந்தப் பட்டியல்கள் இன்று யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. டர்பனில் இருக்கும் ஒரு கொள்ளுப்பேத்தி, தன் மூதாதை எந்த ஊரிலிருந்து கிளம்பினார் என்று அதில் பார்த்துவிட்டு இங்கே வருகிறாள். அவர் விட்டுவிட்டுப் போன தாயும் தகப்பனும் இங்கே எப்போது கண்ணை மூடினார்கள் என்று கேட்கிறாள். போனவர்களின் தழும்புகூடக் கிடைக்கிறது. இருந்தவர்களின் சாவுத் தேதிக்கு நாம் அவளை மூன்று அலுவலகங்களுக்கு அலைய விடுகிறோம்.

அந்தக் கட்டத்தில் இருப்பது முழு உண்மை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. மருத்துவர் பார்த்து எழுதியதல்ல அது. மணியக்காரர் கேள்விப்பட்டதை எழுதினார். பழைய அறிக்கைகளில் பெரிய எண்களில் ஒன்று ‘காய்ச்சல்’ என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கும். மலேரியாவும் டைபாய்டும் அதற்குள் போயின. 1918ல் வந்த இன்ஃபுளூயன்சா சாவுகளில் பெரும்பாலானவையும் அதற்குள்தான் போயின. பிரசவ ஜன்னியையும் அப்படியே எழுதியிருப்பார்கள். என் பூட்டியின் கட்டத்திலும் வெறும் ‘காய்ச்சல்’ என்றே இருக்கலாம். இருக்கட்டும். அந்தச் சொல்லைப் படித்துக்காட்டினால் அத்தைப்பாட்டிக்கு ஒன்றாவது நிச்சயமாகும்: அன்று ஊர் அறிய எழுதிவைத்தது இதுதான், பின்னால் வந்ததெல்லாம் வாய்ப்பேச்சு. கிணறு என்று எழுதியிருந்தாலும் சொல்லிவிடுவேன். கேட்கிற உரிமை அவருடையது.

எல்லா ஊரிலும் பதிவேடு கிடைக்கும் என்றும் எதிர்பார்க்கவில்லை. 1886ல் ஒரு சட்டம், அப்புறம் சென்னை மாகாணத்துக்கென்று 1899ல் ஒரு சட்டம் என்று படிப்படியாக வந்த ஏற்பாடு இது. கட்டாயமாகப் பதிய வேண்டும் என்பது எல்லாக் கிராமத்துக்கும் ஒரே நாளில் வரவில்லை. சேரிகளில் நடந்த சாவுகள் எத்தனை ஏட்டில் ஏறாமலே போயின என்று யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோயில் அடக்கப் பதிவேடு இருக்கிறது, முஸ்லிம் குடும்பங்களுக்குப் பள்ளிவாசல் ஜமாத் ஏடுகள் பல ஊர்களில் கைகொடுக்கின்றன. மற்றவர்களுக்கு, அதிலும் எழுதப் படிக்கத் தெரியாத கூலிக் குடும்பங்களுக்கு, இருக்கிற ஒரே எழுத்து இந்தச் சர்க்கார் பதிவேடுதான். பத்திரம், பட்டா எதிலும் அவர்கள் பெயர் இருக்காது. இறந்தபோது மட்டும் ஒரு வரி எழுதினார்கள். அந்த ஒரு வரியும் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கிறது.

தலைமைப் பதிவாளர் அவர்களே, இனி உங்களிடம் நேராகவே கேட்கிறேன்.

முதலில் ஒரு பட்டியல் வெளியிடுங்கள். எந்தக் கிராமத்தின் எந்த வருஷத்துப் பதிவேடு இன்று எந்த அலுவலகத்தின் எந்த அறையில் இருக்கிறது, எது இல்லை, எது படிக்க முடியாத நிலையில் இருக்கிறது என்ற பட்டியல். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். பழைய தாலுகா பெயரையும் புதிய தாலுகா பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பாதி அலைச்சல் அன்றைக்கே தீரும். 17ஆம் பிரிவின்படி எவரும் கேட்கலாம், எதற்கு என்று விசாரிக்க வேண்டியதில்லை என்பதையும் அதே சுற்றறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, 75 வருஷம் கடந்த பதிவேடுகளைப் படம் பிடியுங்கள். மழைக்காலத்துக்கு மழைக்காலம் அவை குறைந்துகொண்டே வருகின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1909லிருந்து இதே வேலையைச் செய்துவருகிறார்கள். பழங்காகிதத்தை எப்படித் தொட வேண்டும் என்று தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களையும் உங்கள் அலுவலகங்களையும் ஒரு மேசையில் உட்கார வைக்க உங்களால் முடியும். ஊர்ப்பக்கத்துப் பழைய கையெழுத்தைப் படிக்கவும், தமிழ் வருஷத்தை ஆங்கிலத் தேதியாக்கவும் என்னைப் போல் சம்பளமில்லாமல் வரத் தயாராக இருப்பவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது அந்த அட்டை. சட்டம் மத்திய அரசினுடையது, திருத்தம் நாடாளுமன்றத்தில் வர வேண்டும், தெரியும். ஆனால் 75 வருஷம் ஆன இறப்புகளுக்குக் காரணத்தையும் சேர்த்து நகல் தரலாம் என்று இந்தியத் தலைமைப் பதிவாளருக்கு ஒரு பரிந்துரை உங்கள் மேசையிலிருந்து போகலாம். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவையும் உங்கள் சட்டப் பிரிவிடம் கேட்டுப் பாருங்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய நிகழ்வைப் பற்றிய தகவலைச் சில விலக்குகள் நீங்கலாக எல்லோருக்கும் தர வேண்டும் என்கிறது அது. அந்த விலக்குகளில் தனிமனித அந்தரங்கம் இல்லை. ஒரு சட்டம் திறக்கச் சொல்வதை இன்னொரு சட்டம் மூடச் சொன்னால், நடுவில் நிற்கும் ஊழியர் என்ன செய்வார்? எது செல்லும் என்று எழுத்தில் சொல்லி அவரைக் காப்பாற்ற வேண்டியது நீங்கள்தான்.

ஆவண அறைப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. தூசியில் இருமிக்கொண்டே மூட்டை மூட்டையாக அவிழ்த்துத் தேடித் தருகிறவர்கள் நீங்கள். உங்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த உறைக்குள் நீங்கள் போட்டு வைத்த காகிதப் பொடியில் யாருடைய பெயரின் எந்த எழுத்து இருக்கிறதோ. அதைக் குப்பையில் போடாமல் வைத்திருப்பதற்கு நன்றி. இன்னொரு முறை என்னைப் போல் யாராவது வந்து, சொத்துக்காக இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று சொன்னால், தயவுசெய்து நம்புங்கள்.

எனக்குத் தந்த நகல் முறையாக வந்து சேர்ந்தது. தேதி, இடம், பால், பூட்டனின் பெயர் எல்லாம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அத்தைப்பாட்டிக்குப் பார்வை மங்கிவிட்டதால் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். முடிந்ததும் காகிதத்தை வாங்கி, பின்பக்கம் திருப்பித் தடவிப் பார்த்தார். “அவ்வளவுதானா?” என்றார். அவ்வளவுதான் தருவார்கள் பாட்டி, மனு போட்டிருக்கிறேன் என்றேன். மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த மனுவும் இந்த மடலோடு உங்கள் அலுவலகத்துக்கு வருகிறது. வரும் தையில் தேய்பிறை பஞ்சமிக்கு ராமேஸ்வரம் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் ஒரு பதில் கிடைத்தால் அவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
1945ஆம் வருஷத்துப் பதிவேட்டில் பிப்ரவரி மாதத்து மூன்றாவது வரியில் இருப்பவரின் கொள்ளுப்பேத்தி